புஷ்பராணியின் பட்டியலை நான் அழித்தேன்

உங்கள் நான்கு பேருக்கும் சேர்வரின் நிர்வாகக் கடவுச்சொல் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். இனி யாருடைய கணக்கையும் நீங்கள் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். என்னைப் பேச அழைத்தவர்கள் சாதனைகளைச் சொல்லச் சொன்னார்கள். அதற்கு ஆள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கட்டளைகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதுளை டவுனில் நம் அலுவலக மாடியில் ஒரே ஒரு சேர்வர் இருந்த காலம் அது. பதினொரு தோட்டங்களின் வேலையும் அதில்தான் ஓடியது. எழுத்து வேலை பார்க்கும் கிளாக்கர்மார், நலன்புரி உத்தியோகத்தர்கள், தொழிற்சாலை ஆட்கள் என்று எல்லோருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. அவரவர் தம் பெயரில் ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம்: இந்த நேரத்துக்கு இந்த வேலையைச் செய். எழுதி வைத்தவர் லீவில் போனாலும் இயந்திரம் நேரம் தவறாமல் அவர் பெயரில் அதைச் செய்துகொண்டிருக்கும். நாம் கிரொன் பட்டியல் என்று சொல்வது அதைத்தான். யார் கேட்டாலும் அந்த வசதியை நான் கொடுத்தேன். தோட்டத்தில் இருப்பவருக்குத்தான் தோட்டத்தின் தேவை தெரியும் என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன்.

ஆனால் எழுபது பேர் எழுதினால் எழுபது பேரும் மணி அடித்தவுடனே ஓடும்படிதான் எழுதுவார்கள். ஒன்பது மணி ஆனதும் சேர்வர் மூச்சுத் திணறும். தோட்டங்களிலிருந்து முறைப்பாடு வந்தது. எங்கள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டு ஒழுங்குபடுத்தச் சொன்னார். நான் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். உங்கள் பட்டியல் தொடர வேண்டுமென்றால் இரண்டு கிழமைக்குள் பதில் எழுதுங்கள், பதில் வராத பட்டியல் நீக்கப்படும்.

பத்தொன்பது பேர் பதில் எழுதவில்லை. அதில் பலர் வேலையை விட்டுப் போனவர்கள். ஒரு பகல் பொழுதில் உட்கார்ந்து பத்தொன்பது பட்டியலையும் நீக்கினேன். எதையும் திறந்து வாசிக்கவில்லை. அடுத்தவர் பட்டியலை வாசிப்பது அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருக்கும் காரணம். உண்மை என்னவென்றால், பத்தொன்பதை வாசிக்க எனக்குப் பொறுமை இல்லை. பிரதியும் எடுக்கவில்லை.

நீக்கும் கட்டளை “உறுதியா” என்று ஒரு வார்த்தை கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். திருத்துவதற்கான எழுத்தும் அழிப்பதற்கான எழுத்தும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. நம் பிரிவில் ஒருவர் அப்படி விரல் தவறித் தன்னுடைய பட்டியலையே தொலைத்திருக்கிறார். என் விரல் தவறவில்லை. நான் அழிக்க நினைத்தே அழித்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்குச் சேர்வர் துள்ளிக்கொண்டு ஓடியது. முகாமையாளர் பாராட்டினார்.

மூன்று கிழமை கழித்து மழை பிடித்தது. வடகீழ்ப் பருவ மழை எங்கள் பக்கம் எப்படிப் பெய்யும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் விடாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“வணக்கங்க மிஸ். மடுல்சீமைப் பக்கத்துல இருந்து பேசுறேன். மேல் டிவிசன் தலைவர் மாரிமுத்து. மழ மெசேஜ் இன்னைக்கி வருமாங்க, வராதாங்க?”

“என்ன மெசேஜ்?”

“புஷ்பா மிஸ் அனுப்புவாங்களே, அதுங்க. அந்த மெசேஜுக்கு அடியில இந்த நம்பர்தான் போட்டிருக்கும். அதான் எடுத்தேன்.”

புஷ்பராணி அந்தத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தவர். கலியாணமாகி மொனராகலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. எனக்கு அவரை முகம் பார்த்துத் தெரியும், அவ்வளவுதான்.

“அவங்க வேலைய விட்டுப் போயிட்டாங்களே,” என்றேன்.

“போயிட்டாங்க. ஆனா மெசேஜ் வந்துக்கிட்டுத்தான் இருந்திச்சு. போன மழைக்கும் வந்திச்சு. மழ கூடினா தயாரா இருங்கன்னு ஒண்ணு வரும். இன்னும் கூடினா பள்ளிக்கூடத்துக்குப் போங்கன்னு வரும். வரலேன்னா பயமில்லேன்னு அர்த்தம். அதனால சனங்க எல்லாம் லயத்துலயேதான் இருக்குதுங்க. ஆனா மிஸ், லயத்துக்குப் பின்னால மண்மேட்டுல காலையில இருந்து தண்ணி கலங்கலா வருது. எனக்கு அது புடிக்கல.”

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு புஷ்பராணியின் கணக்கைத் திறந்தேன். பட்டியல் காலி. காலியாக்கியது யார் என்று தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒரு வேலை நின்றுபோனால் எதுவும் நடக்காது என்றுதான் நாம் நினைக்கிறோம். தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அப்படி இல்லை. அங்கே குறுஞ்செய்தி வராததற்கும் ஓர் அர்த்தம் இருந்தது. காலையிலிருந்து நான் நாற்பது குடும்பங்களுக்கு ‘பயமில்லை, வீட்டிலேயே இருங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பதைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் அதிலும் முதல் ஐந்து நிமிடம் வீணாகியது. “தலைவர், லைன்லயே இருங்க” என்று சொல்லிவிட்டுப் பேக்கப்பைத் தேடினேன். கணினி ஆட்களுக்கு அப்படித்தான் கை போகும். உடைத்ததை ஒட்டிவிட வேண்டும், யாருக்கும் தெரியும் முன்னே. பேக்கப்பில் எல்லோருடைய கோப்புகளும் இருந்தன, பட்டியல்கள் இல்லை. அவை பயனாளரின் கோப்புகளோடு இருப்பதில்லை, இயந்திரம் தனக்கென்று வைத்திருக்கும் வேறோர் இடத்தில் இருக்கின்றன. அந்த இடத்தைப் பேக்கப்பில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

முகாமையாளர் அறைக்குள் போனேன். நாங்கள் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம். நடந்ததைச் சொன்னேன். நான்தான் அழித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் அல்ல. தாடையைத் தடவிக்கொண்டு, “ஆட்களை வெளியேற்றுவது தோட்ட நிர்வாகத்தின் வேலை, நம்முடையது அல்ல. தோட்டத்துக்குப் பொறுப்பான துரை கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார். அவரைப் பிடியுங்கள்” என்றார்.

“என் கைத்தொலைபேசியில் எடுத்துப் பார்த்துவிட்டேன். அவருடைய போன் வேலை செய்யவில்லை.”

“அப்படியானால் கொஞ்சம் பொறுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் வீணாகப் பயம் கிளப்பியதற்கு யார் பொறுப்பு?”

“நான் பொறுப்பு. என் பெயரில் எழுதி வையுங்கள்.”

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வந்துவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். இன்னும் ஒரு நிமிடம் அங்கே நின்றிருந்தால் அவர் சொன்னது நியாயம் என்று எனக்கே பட்டிருக்கும்.

மாரிமுத்து லைனில் இருந்தார். பின்னால் மழைச் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன.

“தலைவர், மெசேஜ் வராதது மெஷினோட பிழை. மழையோட பேச்சு இல்ல. எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்புங்க.”

“நீங்க சொல்றீங்களா மிஸ், தொரை சொல்றாரா?”

“நான் சொல்றேன்.”

“சரிங்க. ஆனா நான் ஒருத்தன் கூப்பிட்டா அம்புட்டுப் பேரும் வர மாட்டாங்க. சங்கு ஊதினா வருவாங்க.”

தொழிற்சாலைச் சங்கு தொழிற்சாலைக் கிளாக்கரின் பொறுப்பில் இருந்தது. அவரைக் கூப்பிட்டேன். இளம் வயதுக்காரர், பயந்த சுபாவம்.

“தொரை சொல்லாம சங்கு ஊத ஏலாதுங்க மிஸ். எனக்கு வேல போயிரும்.”

“நீங்கதானே மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா மழை அளவப் பாத்துக் கம்ப்யூட்டர்ல போடுறது?”

“ஆமாங்க.”

“காலையில ஒம்பது மணிக்கு என்ன போட்டீங்க?”

“நூத்தி இருவத்தெட்டு மில்லிமீட்டர்.”

“ஆறு மணிக்கு?”

“நூத்தி நாலு.”

“அந்த நம்பருக்கு முந்தியெல்லாம் என்ன நடக்கும்?”

அவர் தினமும் எழுதிப் போட்ட எண்களைப் புஷ்பராணியின் வேலைதான் மணிக்கொரு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

“மெசேஜ் போகலீங்களா?” என்று கேட்டார்.

“போகல. நான் அழிச்சிட்டேன். யார் கேட்டாலும் பதுளை ஆபீஸ்ல இருந்து மிஸ் ஊதச் சொன்னாங்கன்னு என் பேரச் சொல்லுங்க.”

“ஊதுறேங்க,” என்றார். தொலைபேசியை அவர் கீழே வைக்கவில்லை. மேசையில் கிடந்த அதன் வழியாகவே சங்குச் சத்தம் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகுதான் நான் கணினிப் பக்கம் திரும்பினேன். புஷ்பராணி எழுதிய நிரல் அவருடைய கோப்புகளுக்குள் பத்திரமாக இருந்தது. எப்போது ஓட வேண்டும், எந்த அளவு தாண்டினால் எந்தச் செய்தி போக வேண்டும் என்ற வரி மட்டும் பட்டியலில் இருந்திருக்கிறது, அதுதான் போய்விட்டது. அவருடைய பழைய ஆவணத்தில் ஒரு கைத்தொலைபேசி எண் இருந்தது. மூன்றாவது தரம் எடுத்தார்.

நான் யார் என்று சொல்லி, என்ன செய்தேன் என்று சொன்னேன். ஏன் செய்தேன் என்று தொடங்கியபோது இடைமறித்தார்.

“அத பொறகு பேசுவோம் மிஸ். எழுதிக்கோங்க. எழுபத்தஞ்சு தாண்டினா மொதல் மெசேஜ். நூறு தாண்டினா ரெண்டாவது. இப்ப எவ்வளவு?”

“நூத்தி இருபத்தெட்டு.”

“அப்ப மொதலாவத விட்டுருங்க. நேரா ரெண்டாவத அனுப்புங்க. சனங்க குழம்பிடும்.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். நாற்பத்தாறு தொலைபேசிகளுக்குச் செய்தி போனது. அப்போது மணி பதினொன்று ஐந்து. ஆறு மணிக்கே போயிருக்க வேண்டியது.

பன்னிரண்டே முக்காலுக்கு மண்மேடு இறங்கியது. மேல் லயத்தின் கடைசி ஐந்து வீடுகள் கூரை வரை மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடத்தில் மாரிமுத்து பெயர் கூப்பிட்டுத் தலை எண்ணியபோது ஓர் ஆள் குறைந்தது. அது மாரிமுத்துவின் மனைவி லெட்சுமி. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த தகரப் பெட்டியை எடுக்க, யாருக்கும் சொல்லாமல் திரும்பிப் போயிருந்தார்.

அந்தச் செய்தி எனக்கு ஒரு மணிக்கு வந்தது. மூன்று மணிவரை வேறு செய்தி வரவில்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

லெட்சுமியை உயிரோடு எடுத்தார்கள். பெட்டியோடு முன்வாசலைத் தாண்டி வெளியே வந்தபோது மண் அவருடைய காலைப் பிடித்திருந்தது. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பாதை உடைந்து கிடந்ததால் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்து, பிறகு வாகனத்தில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் காலை தோட்டத்திலிருந்து எனக்கு நன்றி சொல்லத் தொலைபேசியில் பேசினார்கள். நேரத்துக்குச் சங்கு ஊதச் சொன்ன மிஸ் என்று பெயர் வந்துவிட்டது. முகாமையாளரும் இதை இப்படியே விட்டுவிடலாம் என்ற பார்வையோடு இருந்தார். பட்டியலைப் பற்றி அவரையும் என்னையும் புஷ்பராணியையும் கிளாக்கரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று நான் செய்த ஒரு காரியம், புஷ்பராணி வேலையை விட்டபோது ஏதாவது எழுதிக் கொடுத்தாரா என்று பார்க்கப் பழைய கோப்புறையைப் புரட்டியது. ஒரு பக்கத்துக்கு அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ‘என் பெயரில் ஓடும் மழை எச்சரிக்கை வேலையை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரவும். நான் இல்லாதபோது இது நின்றுவிடக் கூடாது.’ கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற இடத்தில் என் சுருக்கொப்பம் இருந்தது.

வாங்கியிருக்கிறேன். வாசிக்காமல் கோப்பில் போட்டிருக்கிறேன்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். லெட்சுமியின் கால் கட்டப்பட்டுத் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. மாரிமுத்து கட்டில் பக்கத்தில் நின்றார். என்னை முதன்முதலாக நேரில் பார்த்தவர், உட்கார நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

“நேத்து மெஷின் பிழைன்னு சொன்னேன். அது பொய். மெஷின் சரியாத்தான் இருந்திச்சு. புஷ்பா மிஸ் போட்டு வச்சிருந்தத நான் என்ன ஏதுன்னு பாக்காம அழிச்சிட்டேன். இல்லேன்னா காலையில ஆறு மணிக்கே ஒங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும்.”

மாரிமுத்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். லெட்சுமிதான் பேசினார்.

“ஆறு மணிக்கு வந்திருந்தா பெட்டியையும் எடுத்துக்கிட்டே போயிருப்பேன்.”

“ஆமாங்க.”

“அஞ்சு வீட்டுச் சாமானையும் எடுத்திருக்கலாம்.”

“ஆமாங்க.”

“அழிச்சது நீங்கதானே? அப்ப நீங்களே போடுங்க. வேற ஆளுகிட்ட விட்டுறாதீங்க. போட்டுட்டு, எல்லாருக்கும் முன்னால வந்து சொல்லுங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கொடுத்தது ஒரு வேலை. அதைப் பிடித்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்கு எழுத்தில் அறிக்கை கொடுத்தேன், அந்தத் தாளின் பிரதியோடு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான். பாதை திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மடுல்சீமைக்குப் போனேன். புஷ்பராணி மொனராகலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார், ஐந்து மாத வயிற்றோடு. வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். “அது நான் எழுதினது மிஸ்” என்றார், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்ததைச் சொன்னேன். சிலர் கோபமாகப் பேசினார்கள். வீட்டை இழந்த ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். பிறகு இனி எப்படி என்ற பேச்சு வந்தது. வேலையை ஒரு ஆளின் பெயரிலிருந்து எடுத்து, தனிக் கணக்கு ஒன்றில் போடுவதாகச் சொன்னேன். இரண்டு பேர் பொறுப்பு, ஒருவர் போனால் மற்றவர் கையெழுத்துப் போடாமல் எதையும் நீக்க முடியாது. பிரதி எடுப்போம், மாதம் ஒரு தரம் சரிபார்ப்போம். நான் யோசித்து எழுதிக்கொண்டுபோன திட்டம்.

மாரிமுத்து பின்வரிசையில் இருந்து கேட்டார்.

“எல்லாம் சரிங்க மிஸ். நீங்க அங்க என்ன செஞ்சாலும் எங்களுக்குத் தெரியாது. மறுபடி நின்னு போச்சுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் என் திட்டத் தாளைப் புரட்டினேன். புஷ்பராணியும் நிமிர்ந்து பார்த்தார். மாரிமுத்துவே வழி சொன்னார்.

“மழை இல்லாத நாளும் ஒரு மெசேஜ் அனுப்புங்க. காலையில ஆறு மணிக்கு. இன்னைக்கிப் பயமில்லேன்னு. அது வந்தா நாங்க நிம்மதியா இருப்போம். வரலேன்னா மெஷினும் இல்ல, மிஸ்ஸும் இல்லேன்னு நாங்களே கெளம்பிருவோம்.”

படித்த நாங்கள் இருவரும் யோசிக்காதது அது. அதுவரை மௌனம் என்றால் பாதுகாப்பு என்று இருந்தது. அவர் அதைத் திருப்பிப் போட்டார். அன்று மாலையே பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்து நானும் புஷ்பராணியும் எழுதினோம். அவர் வரி வரியாகச் சரிபார்த்தார்.

அதன்பிறகு மற்றப் பதினெட்டுப் பேரையும் ஒவ்வொருவராகத் தேடிப் பேசினேன். நான்கு மாதம் ஆனது. ஒருவர் தெமோதரையில் கடை வைத்திருந்தார், ஒருவர் கட்டாரில் இருந்தார். பதினாறு பட்டியல் உண்மையாகவே யாருக்கும் வேண்டாதவை. ஒன்று, குழந்தைகள் காப்பகத்துக்குத் தடுப்பூசி நாளை நினைவூட்டுவது. இன்னொன்று தொழிற்சாலைக் கொதிகலன் பரிசோதனை நாள். அந்த இரண்டையும் திரும்பப் போட்டேன். பதினாறு சரியாகத்தான் இருந்தது என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. நான் அந்தக் கணக்குக்கு உடன்படவில்லை. பத்தொன்பதையும் ஒரே மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டுதான் அழித்தேன்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒருவருடைய பட்டியலைத் தொடும் முன்னே வாசியுங்கள். பிரதி எடுங்கள். பிறகு அவரோடு பேசுங்கள், மின்னஞ்சலில் அல்ல, குரலில். பதில் வரவில்லை என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தவறு நடந்துவிட்டால், முதலில் ஆட்களுக்குச் சொல்லுங்கள். இயந்திரம் காத்திருக்கும்.

கடைசியாக ஒன்று. மடுல்சீமையில் நாங்கள் எழுதிய புதிய வேலை ஓடத் தொடங்கிப் பதினொரு கிழமை ஆகியிருந்தது. நல்ல வெயில் காலம். பன்னிரண்டாம் கிழமையில் ஒரு நாள் காலை மின்சாரம் போய், சேர்வர் நின்றுவிட்டது. ஆறு மணிச் செய்தி போகவில்லை. ஆறே காலுக்கு என் தொலைபேசி அடித்தது, மாரிமுத்து. அவரோடு பேசும்போதே கிளாக்கர். பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒரு பெண். பிறகு இன்னொருவர். ஏழு மணிக்குள் பதினான்கு பேர். கடைசியாக வந்தது லெட்சுமி. ஊன்றுகோலோடு தற்காலிக வீட்டு வாசலில் நின்று பேசினார்.

“மெசேஜ் வரல மிஸ். வானம் தெளிவாத்தான் இருக்கு. ஆனாலும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போறேன். பெட்டி என் கையிலதான் இருக்கு.”

“போங்க,” என்றேன். “நான் பாத்துச் சொல்றேன்.”